கயிற்றில் நின்றவர்கள்

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பயப்படும் ஆசையில் வந்தவர்கள் தாராளமாகப் பயப்படுங்கள். ஆனால் வாசித்து முடித்தபிறகு "சும்மா புளுகு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்த கடற்கரை திருகோணமலையில் அப்படியே இருக்கிறது. யாருக்கு நடந்ததோ அந்த மனிதரும் இருக்கிறார். ஓர்ஸ் ஹில்லில் அவருடைய வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஆனால் போய்ப் பிரயோசனமில்லை. அவர் இப்போது யாரோடும் கதைப்பதில்லை. கதைத்துக்கொண்டிருந்த கொஞ்ச நாட்களில் அவர் சொன்னதுதான் இது. ஒன்றும் கூட்டவில்லை.

பெயர் பேணாட். வயது ஐம்பத்து நான்கு. கந்தோரில் கதிரையை விட்டு எழும்பாமல் காலம் முழுக்க வேலை பார்த்தவர். சீனி வருத்தம் வந்ததும், ஓடாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் வெருட்டிவிட்டார். அன்றிலிருந்து தினமும் விடிவதற்கு முன் ஓட்டம். ஓட்டம் என்றால் நீங்கள் நினைக்கிற ஓட்டம் இல்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் இலை கடித்துக்கொண்டே அவரை முந்திப் போய்விடும். வீட்டிலிருந்து சரிவில் இறங்கி, உட்துறைமுகத்தை ஒட்டிய வீதியால் போய், பட்டினத்தைக் குறுக்கறுத்து, கோட்டைக்கு வடக்கே நீளும் கடற்கரையில் கொஞ்ச நேரம். பிறகு அதே வழியால் வீடு.

ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மையில் அவர் சீனிக்காக ஓடுவதை எப்போதோ விட்டுவிட்டார். கடற்கரையில் ஓடும்போது அவர் கண் அலை வந்து நுரை விட்டுப் போகும் விளிம்பிலேயே இருக்கும். பாசி, உடைந்த மிதவை, ஒற்றைச் செருப்பு, எது ஒதுங்கிக் கிடந்தாலும் நின்று காலால் புரட்டிப் பார்ப்பார். மகனின் உடம்பைத் தேடி ஓடிய மனிதரைப் பார்த்து, "பேணாட் நல்லா மெலிஞ்சிட்டார்" என்று ஊர் மெச்சியது.

மகன் பெயர் ஜனுஷன். ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயது. 2021 மாசி மாதம் ஒரு விடியற்காலை சிநேகிதனுடைய சின்னப் படகை இரவல் வாங்கிக்கொண்டு தூண்டில் போடப் போனான். நாலு நாள் கழித்துப் படகு மட்டும் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கரை ஒதுங்கியது. கடற்படை தேடியது. மீனவர்கள் தேடினார்கள். பையன் கிடைக்கவில்லை.

பேணாட்டின் மனைவி சீலா ஒரு முடிவோடு இருந்தார். உடம்பு வராமல் மகனுக்கு இரங்கல் பூசை ஒப்புக்கொடுக்க அவர் விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. பங்குச் சுவாமி வந்து எவ்வளவோ ஆறுதலாக எடுத்துச் சொன்னார்.

"ஒரு எலும்பெண்டாலும் வரட்டும் ஃபாதர். புதைச்சுப்போட்டு அழுறன். இல்லாத பிணத்துக்கு நான் அழ ஏலாது."

சுவாமி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேணாட் வேறு மாதிரி. அவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போனால் என்னவென்று மன்றாடுவது? பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்பதா, பிள்ளையின் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி கொடு என்று கேட்பதா? இரண்டில் எது என்று தெரியாமல் முழங்காலில் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. புருஷனும் பெண்சாதியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பிணத்துக்காகக் காத்துக்கொண்டு, அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் பதினான்கு மாதம் இருந்தார்கள். எப்படி இருந்தார்கள் என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இனி அந்தக் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே கரைவலை இழுக்கிறார்கள். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். நடுவில் பை மாதிரி இருப்பது மடி. மீன் எல்லாம் அதற்குள்தான். ட்ரக்டரில் உருளை பூட்டி இழுக்கிற காலம் இது. ஆனால் நான் சொல்லும் சித்திரை மாதம் நாடே எரிபொருள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டுச் சித்திரை. டீசல் இல்லை. ட்ரக்டர் ஓலைக்குக் கீழே படுத்துவிட்டது. அந்த வலையின் சம்மாட்டி ஜக்சன், சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரன், பழையபடி ஆட்களை வைத்துக் கையால் இழுக்கத் தொடங்கியிருந்தான்.

கையால் இழுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. போகிற வருகிற யாரும் கயிற்றில் கை வைக்கலாம். கொஞ்ச நேரம் இழுத்துக் கொடுத்தால் போதும், மடி கரையேறியதும் கறிக்கு இரண்டு மீன் கையில் வரும். கை வைத்தவனுக்குப் பங்கு இல்லையென்று எந்தச் சம்மாட்டியும் சொன்னது கிடையாது. பேணாட்டும் மகன் இருந்த காலத்தில் அப்படி இழுத்து மீனோடு வீட்டுக்குப் போனவர்தான்.

அந்தச் சித்திரையில் கிழமையும் தேதியும் யாருக்கு நினைவிருந்தது? மின்வெட்டு, எரிவாயு வரிசை, பால்மா வரிசை. அதோடு வருஷப்பிறப்பு லீவு. வருஷப்பிறப்புக்கு அடுத்த நாள் அதிகாலை 4.50க்கு, பேணாட் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கேற்றைத் திறந்தார். என்ன கிழமை என்று அவர் யோசிக்கவில்லை.

ஒழுங்கையில் ஒரு நாயும் குரைக்கவில்லை. மற்ற நாட்களில் அவரைப் பார்த்துக் குரைக்காத நாயே அந்த ஒழுங்கையில் இல்லை. நாய்களுக்கும் வருஷப்பிறப்புக் களைப்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல் ஒன்றின் வெளிச்சம் தண்ணீரில் ஆடாமல் கிடந்தது. ஐந்து மணிக்கு அடிக்கும் கோயில் மணி அடிக்கவில்லை. மின்சாரம் இல்லையாக்கும் என்று நினைத்தார். கயிறு இழுத்து அடிக்கிற மணிக்கு மின்சாரம் எதற்கு என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் மான்கள் நின்றன. ஏழெட்டு இருக்கும். ஒன்றும் மேயவில்லை. எல்லாம் கடல் பக்கம் பார்த்தபடி நின்றன. பேணாட் பக்கத்தால் ஓடியபோதும் ஒன்றுகூடக் காதை அசைக்கவில்லை.

5.20க்கு மணலில் இறங்கினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக்... டொக்... டொக்... மரத்தில் மரம் தட்டுகிற சத்தம். நிதானமாக, ஒரே இடைவெளியில் வந்தது. கொஞ்சம் முன்னே போனதும் இருட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். வரிசையாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜக்சனுடைய ஆட்கள் வழக்கமாக நிற்கும் அதே இடம். எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். சத்தம் வரும்போது இழுத்தார்கள். நின்றபோது நின்றார்கள்.

பேணாட் பின்னால் போய் நின்றார்.

"நானும் ஒரு கை பிடிக்கட்டோ?"

யாரும் திரும்பவில்லை. வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிடி. பிடிச்சால் விடாதை."

பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தார். வரிசையின் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். பயத்தால் இல்லை. அந்தக் கயிறு கையில் பட்டதும் உள்ளே ஏதோ இளகிவிட்டதாம். பதினான்கு மாதமாக நெஞ்சில் கட்டிப்போய்க் கிடந்தது இறங்கியதாம். டொக் என்றபோது இழுத்தார். மூச்சு ஒழுங்காக வந்தது. கால் நோகவில்லை. தான் தனி ஆள் இல்லை, இத்தனை பேர் தன்னோடு சேர்ந்து ஒன்றை இழுக்கிறார்கள் என்று நினைத்ததும் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. ஆண்டவர் தன்னை இத்தனை நாளும் ஓடவிட்டது இந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான் என்று அவருக்கு அந்த நேரம் நிச்சயமாகத் தோன்றியது. கோயிலில் கிடைக்காதது இந்த மணலில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். இந்த மடிக்குள் தன் பிள்ளை வருகிறான் என்றும் நினைத்தார்.

தன்னை அறியாமலே வாய் செபத்தைத் தொடங்கியது. அருள் நிறைந்த மரியே... எத்தனை மாதத்துக்குப் பிறகு! முன்னால் நின்றவர்களும் கூடவே சொல்லத் தொடங்கினார்கள். தாழ்ந்த குரலில், எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... இப்பொழுதும்...

அதோடு அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"எங்கள் மரண நேரத்திலும்" என்று பேணாட் மட்டும் தனியே சொன்னார்.

திரும்பவும் தொடங்கினார்கள். திரும்பவும் "இப்பொழுதும்" என்ற இடத்தில் நின்றார்கள். மூன்றாம் தரமும் அப்படித்தான்.

பேணாட் செபத்தை நிறுத்தினார்.

அப்போதுதான் மற்றவற்றையும் கவனித்தார். கரைவலைக்காரர் வாய் மூடி இழுப்பதை யாராவது கண்டதுண்டா? தூஷணம் இல்லாமல் ஒரு முழக் கயிறு கரைக்கு வந்ததுண்டா? இங்கே ஒருவர் இருமவில்லை. ஒருவர் பீடி பற்றவைக்கவில்லை. வலை இழுக்கும்போது தலைக்கு மேலே பறவைகள் கத்திக்கொண்டு பறக்கும். ஒன்றும் இல்லை. பின்வாங்கிக் கடைசிக்கு வருகிறவன் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்குப் போய்த் திரும்பப் பிடிப்பதுதான் முறை. இவர்களில் ஒருவரும் இடம் மாறவில்லை.

இழுத்த கயிற்றைச் சுருட்ட ஒருவன் பின்னால் இருக்கவேண்டும். பேணாட் திரும்பிப் பார்த்தார். சுருட்டுகிறவன் இல்லை. சுருளும் இல்லை. கயிறு அவர் கையோடு முடிந்திருந்தது.

இவ்வளவு நேரம் இழுத்த கயிறு எங்கே போனது?

கையில் இருந்ததைத் தடவிப் பார்த்தார். கடலுக்குள் இருந்து வருகிற கயிறு...

காய்ந்திருந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தார். 6.10. விடிந்திருக்கவேண்டும். ஆனால் இருட்டு. கிழக்கே ஒரு கீற்றுகூட இல்லை.

டொக்... டொக்...

முன்னால் நின்றவனின் தலை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. உச்சியில் சுழி. ஒன்றில்லை. இரண்டு.

இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கலியாணம் என்று சொல்லிச் சொல்லியே அவர் குளிப்பாட்டிய தலை.

"தம்பி..."

அவன் திரும்பவில்லை.

"தம்பி... ஜனு..."

"அப்பா. கையை விடுங்கோ."

அதே குரல். சளி பிடித்தால் அடைக்கும் அதே குரல்.

"நீ வா. நானும் விடுறன்."

"எனக்கு ஏலாது. நீங்கள் விடுங்கோ."

"உன்னை விட்டிட்டோ?"

"கீழ பாருங்கோ அப்பா."

பார்த்தார்.

தண்ணீர் நெஞ்சுக்கு மேலே நின்றது.

அவர்கள் இழுக்கவில்லை. இவ்வளவு நேரமும்... கயிற்றின் மறுபக்கம்தான் அவர்களை இழுத்தது.

டொக்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

பேணாட் கையை விட்டார்.

மகன் சொன்னதற்காக விட்டேன் என்று அவர் முதலில் சொன்னார். பிறகு ஒருநாள் அதையும் திருத்திக்கொண்டார். மகன் சொன்னது காதில் விழுந்தது உண்மை. ஆனால் விட்டது பயத்தில். உயிர்ப் பயம். பெற்ற பிள்ளை ஒரு முழத்தில் நிற்க, தன் உயிர்தான் பெரிதாகப்பட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

உப்புத் தண்ணீரைக் குடித்து, விழுந்து எழும்பி, எப்படியோ கரையில் வந்து விழுந்தார். கண் திறந்தால் பளீரென்ற வெயில். சூரியன் கடலுக்கு மேலே நின்றது. மணி 6.12. காகங்கள் கரைந்தன. கடற்கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. வலை இழுத்த தடம் மணலில் இல்லை. ஜக்சனுடைய படகு மேட்டில் ஏற்றிக் கிடந்தது. வலை தறப்பாளால் மூடிக் கட்டியபடி இருந்தது. கட்டை யாரும் அவிழ்த்திருக்கவில்லை.

உள்ளங்கைகள் இரண்டும் கயிறு உரசி உரிந்து, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு எப்படிப் போனார் என்று அவருக்கு நினைவில்லை. சீலா கறுப்புச் சட்டை போட்டு, தலையில் முக்காடும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நனைந்து வந்தவரை இழுத்துக் கதிரையில் இருத்தினார். பேணாட் முதலில் சொன்னது வலையைப் பற்றித்தான்.

"ஜக்சன்ர ஆக்கள் வலை இழுத்தவங்கள்..."

சீலா அவருடைய முகத்தையே பார்த்தார்.

"இண்டைக்குப் பெரிய வெள்ளி. ஜக்சன் என்ன, எங்கட ஆக்கள் ஒருத்தரும் கடலில கால் வைக்க மாட்டினம். கோயில் மணியே அடிக்கிறேல்ல, மரக்கட்டைதான் தட்டுறது. அதுவும் பின்னேரம்தான். ஆர் வலை இழுத்தது?"

பேணாட் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது சீலா அழவில்லை. குசினியிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து அவருடைய உள்ளங்கைகளில் மெதுவாகப் பூசினார்.

"சுழி பாத்தனீங்களோ?"

"ஓம்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

எண்ணெய் பூசிய விரல் நின்றது.

"அப்ப ஏன் விட்டனீங்கள்?"

"அவன்தான் விடச் சொன்னவன் சீலா."

"பிள்ளை சொல்லும். பெத்தவை விடுறதோ?"

சீலா அவருடைய கைகளை மடியில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. சீலா வீடு முழுக்கக் கூட்டிக் கழுவினார். மகனுடைய அறை யன்னலைத் திறந்துவிட்டார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பேணாட்டுக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. இரவு, ஆண்டவர் உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்குப் பூசைக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் சீலா எல்லோருக்கும் முந்தி அல்லேலூயா பாடினார். திரும்பி நடந்து வரும்போது கேட்டார்.

"நாளைக்கும் வலை போட மாட்டினம், என்ன?"

"உயிர்த்த ஞாயிறு. ஆர் போடுவான்?" என்று சொன்ன பிறகுதான் பேணாட்டுக்கு உறைத்தது. "சீலா, விசர்க்கதை கதைக்காதை."

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

வீட்டுக்கு வந்ததும் பேணாட் முன்கதவைப் பூட்டித் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்தார். சீலாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி படுத்தார். தூங்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் முதல் நாள் இரவும் தூங்காத மனிதர். கண் திறந்தபோது கை வெறுமையாக இருந்தது. திறப்பு தலையணைக்குக் கீழேயே இருந்தது. பின்பக்கத்துக் குசினிக் கதவைப் பூட்ட அவர் மறந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் பேணாட் உண்மையாக ஓடினார். வெறுங்காலோடு, உட்துறைமுக வீதி முழுக்கச் சீலா, சீலா என்று கத்திக்கொண்டு ஓடினார். கோட்டைக்குப் பக்கத்தில் மான்கள் கடலைப் பார்த்தபடி நின்றன.

கடற்கரையில் ஒருவரும் இல்லை.

டொக்... டொக்... தண்ணீருக்குள்ளே இருந்து, வெகு தூரத்தில்...

அந்தச் சத்தத்தைப் பார்த்து இறங்கினார். இரண்டு கையாலும் துழாவினார். முழங்கால் தண்ணீரில், இடுப்புத் தண்ணீரில், கழுத்துத் தண்ணீரில். இருட்டை அளைந்தார். கயிறு எங்கே? கயிறு எங்கே?

இந்த முறை கயிறு கிடைக்கவில்லை.

விடிந்தபோது, கடலுக்குள் நின்று இரண்டு கையாலும் காற்றை இழுத்துக்கொண்டிருந்த மனிதரைப் பூசைக்குப் போன சனங்கள்தான் பிடித்துக் கரையேற்றினார்கள்.

திங்கட்கிழமை காலை ஜக்சன் வலையை வளைத்தான். உயிர்த்த ஞாயிறு முடிந்து முதல் வலை. கை பிடித்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு மடி பாரம் என்று சொன்னார்கள். மீன் பாரம் வேறு, இது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மடி கரைக்கு வந்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். ஜக்சன்தான் திறந்தான். திறந்தவன் நேரே பேணாட் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்று சொல்லவும் ஏலாமல், சொல்லாமல் இருக்கவும் ஏலாமல் அழுதான்.

"அண்ணை... அக்கா கிடைச்சிட்டா."

பேணாட் எழும்பினார்.

"அக்கா தனிய இல்லை அண்ணை."

ஆஸ்பத்திரிச் சவச்சாலையில் இரண்டு மேசைகள். ஒன்றில் சீலா. மற்றதில் ஜனுஷன். ஓர் எலும்பு போதும் என்று கேட்ட தாய்க்குப் பிள்ளை முழுதாகக் கிடைத்திருந்தான். முகம் முகமாகவே இருந்தது. காணாமல் போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. தாயின் உள்ளங்கையிலும் பிள்ளையின் உள்ளங்கையிலும் கயிறு உரசிய காயம். இரண்டும் பச்சைக் காயம். பேணாட் மகனுடைய தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. இனிப் பூசை வைக்கலாம், புதைக்கலாம் என்று மட்டும் நினைத்தார். அந்த நினைப்பில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதல் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது.

பிரேத பரிசோதனை முடிந்து டொக்டர் வெளியே வந்தார். பேணாட்டை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார்.

"மகன் காணாமல் போனது எப்ப எண்டு சொன்னீங்கள்?"

"போன வருஷம். மாசி."

டொக்டர் கையிலிருந்த அறிக்கையைத் திரும்பவும் பார்த்தார்.

"பிறகு இவ்வளவு நாளும் அவர் எங்க இருந்தவர்?"

"ஏன் டொக்டர்?"

"தண்ணியில கிடந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கு. அம்மாவும் மகனும் ஒரே நேரத்திலதான் செத்திருக்கினம்."

அடுத்த கேள்வியைப் பேணாட் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டார்.

"அப்ப... வெள்ளிக்கிழமை காலமை?"

"வெள்ளிக்கிழமையோ?" டொக்டர் யோசிக்கக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை உங்கட மகன் உயிரோடதான் இருந்தவர்."